நகையை அடகு வைத்து நீட் கோச்சிங் அனுப்பலாமா?

கேள்வி, 14 ஜூன் 2024

பேரையூர் பக்கம் கிராமம். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழி. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். இந்த வாரம் பிளஸ் டூ ஆரம்பித்திருக்கிறது. டாக்டருக்குத்தான் படிப்பேன் என்கிறாள். பிளஸ் டூ முடித்த பிறகு ஒரு வருடம் வெளியூரில் தங்கிப் படிக்கிற கோச்சிங்கில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம் ஆகுமாம். வீட்டில் எட்டுப் பவுன் இருக்கிறது. அடகு வைக்கலாமா? கோச்சிங் போகாமல் ஒன்றும் நடக்காது என்கிறார்கள். ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

16 ஜூன் 2024

அண்ணே, இப்போதைக்கு நகையைத் தொடாதீர்கள்.

நான் உசிலம்பட்டி பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. பிளஸ் டூ முடித்த பிறகு போகிற கோச்சிங்கைப் பற்றி இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. பாப்பா கையில் இன்னும் முழு வருடம் இருக்கிறது.

முதலில் ஒன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால், மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவாள். 2020இல் வந்த சட்டம். கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாம் அதில் அரசுப் பள்ளிக் கணக்குத்தான். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் படித்த வகுப்புக்குச் சான்று வாங்க வேண்டும். அதை இப்போதே வாங்கி வையுங்கள். கவுன்சலிங் சமயத்தில் ஓடினால் தலைமை ஆசிரியர் விடுமுறையில் இருப்பார்.

இரண்டாவது. மே மாதம் நடந்த வினாத்தாளை எடுத்து, பாப்பாவை 3 மணி 20 நிமிடம் உட்கார வையுங்கள். மார்க் எவ்வளவு என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எந்தக் கேள்வி தப்பு, ஏன் தப்பு என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்.

17 ஜூன் 2024

"பிளஸ் டூ பாடமே நடத்தவில்லை, இப்போதே தேர்வு வைத்தால் பிள்ளை பயந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம். பிளஸ் ஒன் பாடக் கேள்விகளை மட்டும் பிரித்துக் கொடுங்கள். ஏறக்குறைய பாதித் தாள் அதிலேயே வந்துவிடும். நான்தான் அவசரத்தில் சொல்லாமல் விட்டேன்.

23 ஜூன் 2024

ஏன் தப்பு என்று எழுதுவதில் என்ன இருக்கிறது என்று மேலூர் தம்பி கேட்டிருக்கிறார். எல்லாமே அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு பையன். சேடபட்டிப் பக்கம், அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலை. காலை ஐந்து மணிக்கு எழுந்து படிப்பான். 45 இயற்பியல் கேள்வியில் 17 தப்பு. அடுத்த வாரம் 16. அதற்கடுத்த வாரம் 18. நானும் அவனுக்குத் திரும்பத் திரும்ப அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். "மிஸ், எனக்குப் புரியுது, மார்க்கு மட்டும் வரமாட்டேங்குது" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் என் பாடம் நின்றது.

அன்றைக்கு ஒரு 192 பக்க லாங் சைஸ் நோட்டை எடுத்து நான்கு பத்தியாகக் கோடு போட்டோம். "தெரியாது", "தெரியும், கணக்கில் பிசகு", "கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை", "விடை சரி, வட்டம் தப்பு". வட்டம் என்றால் விடைத்தாளில் பேனாவால் நிரப்புகிற வட்டம். ஒவ்வொரு தப்பையும் அவனே எதில் சேரும் என்று பென்சிலால் எழுதினான். 17 தப்பில் உண்மையிலேயே தெரியாதது 3. அலகு மாற்றாதது, அடுக்குக்குறி தவறியது மாதிரி 6. "தவறான கூற்று எது" என்று கேட்டதை "சரியான கூற்று எது" என்று வாசித்தது போல 5. 42ஆம் கேள்வியின் விடையை 43இல் நிரப்பியது, அதன் தொடர்ச்சியாக 3.

ஒரு கேள்வி தப்பானால் கிடைக்க வேண்டிய 4 போய், கூடவே 1 குறையும். ஆக ஒரு தப்பைச் சரி செய்தால் 5 மார்க் வித்தியாசம். தெரிந்தும் போன 14 கேள்விக்கு 70 மார்க். அந்த 70 மார்க்குக்கு எந்தப் பாடத்தையும் புதிதாக நடத்த வேண்டியதில்லை. மூன்று மாதமாக அந்தப் பிள்ளைக்குத் தேவையில்லாத மருந்தை நான் கொடுத்திருக்கிறேன்.

கோச்சிங்கிலும் பள்ளியிலும் நாம் செய்வது பெரும்பாலும் இதுதான். பிள்ளை எங்கே கொட்டுகிறது என்று பார்க்காமல் மேலும் மேலும் ஊற்றுகிறோம். முதலில் ஓட்டையைத் தேட வேண்டும்.

24 ஜூன் 2024

ஒரு கேள்வியைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பேருந்து, பிரேக் போட்டதும் 10 மீட்டரில் நிற்கிறது. எதிர்முடுக்கம் என்ன?

36ஐ விநாடிக்கு 10 மீட்டர் என்று மாற்ற வேண்டும். 10இன் வர்க்கம் 100, அதை 2 × 10ஆல் வகுத்தால் 5. அந்தப் பையன் சூத்திரம் சரியாக எழுதி, 36ஐ அப்படியே போட்டு 1296ஐ 20ஆல் வகுத்தான். 64.8. கொடுத்திருந்த நான்கு விடையில் 64.8ம் இருந்தது. அதைப் பார்த்ததும் சரியாகப் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு வட்டத்தை நிரப்பிவிட்டான்.

இதே பேருந்து 72 கிலோமீட்டரில் வந்தால் எத்தனை மீட்டரில் நிற்கும்? என் வகுப்பில் பாதிப் பேர் 20 என்பார்கள். 40தான். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. செக்கானூரணி சாலையில் பேருந்தின் முன்படியில் நின்று வருகிற பிள்ளைகளுக்கு இதை ஒரு முறை சொன்னால் போதும், மறக்க மாட்டார்கள்.

30 ஜூன் 2024

பேரையூர் அண்ணன் அனுப்பியதைப் பார்த்தேன். பிளஸ் ஒன் இயற்பியலில் பாப்பாவுக்கு "தெரியாது" பத்திதான் நிறைந்திருக்கிறது. உயிரியல் நன்றாக இருக்கிறது. இது பையனுடைய கதை இல்லை. இவளுக்குப் பாடமே நடத்த வேண்டும். என் நோட்டுப் பித்தத்தில் எல்லாருக்கும் ஒரே வைத்தியம் சொல்லிவிடக் கூடாது, அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னால் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். பிளஸ் டூ மார்க் வந்தது. ஆனால் இயக்கவியல், வெப்ப இயக்கவியல் எல்லாம் பிளஸ் ஒன்னில் இருக்கிறது. விசையும் உந்தமும் தெரியாத பிள்ளை பிளஸ் டூவில் காந்தப் புலத்தில் சுற்றுகிற மின்துகளை எப்படிப் புரிந்துகொள்ளும்?

பாப்பாவுக்கு: தினம் ஒரு மணி நேரம், பிளஸ் ஒன் இயற்பியல், முதல் தொகுதி, இரண்டாம் அத்தியாயத்திலிருந்து. மாநிலப் பாடப்புத்தகமே போதும். 2018இல் வந்த புதிய புத்தகம் கனமானது, நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் எடுத்துக்காட்டுக் கணக்கை விடையை மூடி வைத்துவிட்டுப் போட வேண்டும். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மாதிரித் தேர்வு வேண்டாம்.

28 ஜூலை 2024

நான் செய்த ஒரு தப்பை இங்கே எழுத வேண்டும்.

எங்கள் பள்ளியில் மூத்த பிள்ளைகளின் பழைய என்சிஇஆர்டி புத்தகங்களை, அதாவது மத்தியப் பாடத்திட்டப் புத்தகங்களை, வாங்கி, அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். காசு மிச்சம் என்று பெருமையாகவே செய்தேன். இந்த வருட நீட்டில் அணுக்களைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்வி. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது, தனக்கே உரிய நிறமாலையை உமிழும் என்று ஒரு கூற்று. பழைய புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, புதிய பதிப்பில் மாற்றியிருந்தார்கள். அதனால் முதலில் இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடியிடம் கேட்டது. ஒரே விடைதான் சரி என்று முடிவானது. முதலில் 67 பேர் 720க்கு 720 என்று வந்த பட்டியல், திருத்திய முடிவில் 17 ஆகிவிட்டது.

எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேர் பழைய புத்தகத்தை நம்பி எழுதியவர்கள். 5 மார்க் போனது. புத்தகம் கொடுத்தவள் நான். இனி பழைய புத்தகம் கொடுத்தால், புதிய பதிப்போடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, மாறிய இடத்தில் அடிக்கோடு போட்டுத்தான் கொடுப்பேன். பாதி வேலை முடித்துவிட்டேன், உயிரியல் டீச்சர் மீதியைப் பார்க்கிறார்.

8 செப்டம்பர் 2024

நெகட்டிவ் மார்க் பற்றிக் கேள்வி வந்திருக்கிறது. நான் பிள்ளைகளிடம் சொல்வது: தெரியாததைத் தொடாதே.

6 அக்டோபர் 2024

மேலே எழுதியது பாதிதான் சரி. திருமங்கலத்திலிருந்து ஒரு கணித ஆசிரியர் பிடித்துவிட்டார். அவர் சொன்னபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

40 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால், சராசரியாக 10 சரியாகும், 40 மார்க். 30 தப்பாகும், 30 போகும். 10 மார்க் மிச்சம். ஆக நிகழ்தகவுப்படி பார்த்தால் குருட்டு ஊகம்கூட நஷ்டமில்லை. நான்கில் ஒன்று நிச்சயம் தப்பு என்று தெரிந்தால் ஒரு கேள்விக்குச் சராசரி முக்கால் மார்க்குக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டை ஒதுக்க முடிந்தால் ஒன்றரை மார்க். இரண்டை ஒதுக்கத் தெரிந்த பிள்ளையைக் கேள்வியை விடச் சொல்லி இத்தனை வருடம் நான் பயமுறுத்தியிருக்கிறேன்.

சரி. ஆனால் அவருக்கும் ஒன்று சொன்னேன், அவர் ஒப்புக்கொண்டார். பிள்ளை குருட்டுத்தனமாக ஊகிப்பதில்லை. பழகிய எண் எது, கண்ணுக்கு அழகாக இருப்பது எது என்று பார்த்துப் போகும். அந்த இடத்தில்தான் 64.8 உட்கார்ந்திருக்கிறது. தப்பாகக் கணக்குப் போடுகிறவனுக்கென்றே அந்த விடையை வைக்கிறார்கள். தப்பாகத் தெரிந்துவைத்திருப்பவனுக்கு நான்கில் ஒன்று என்கிற வாய்ப்புக்கூட இல்லை, நேராகக் குழியில் விழுவான்.

இப்போது இப்படிச் சொல்கிறேன். இரண்டை ஒதுக்க முடிந்தால் தயங்காமல் போடு. ஒன்றை மட்டும் ஒதுக்க முடிந்தால் கடைசிச் சுற்றில் திரும்பி வந்து போடு. ஒன்றுமே தெரியாவிட்டால் அதில் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காதே. நோட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்: "ஊகம்". ஊகித்தது எத்தனை, அதில் சரியானது எத்தனை என்று இரண்டு மாதம் எழுதினால் அவரவர் ஊகம் எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிடும். பாப்பாவுக்கு உயிரியலில் ஊகம் நன்றாக வருகிறது. இயற்பியலில் வரவே இல்லை.

17 நவம்பர் 2024

தமிழ் வழிப் பிள்ளை தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தேர்ந்தெடுக்கலாம். தமிழ் கேட்டால் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகி வரும். ஆனால் இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே முடிவு. இது வெறும் சட்ட வாசகம் இல்லை. 2018இல் தமிழ்த் தாளில் 49 கேள்வியில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 196 மார்க் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்த அன்றைக்கு எங்கள் ஆசிரியர் அறையில் இனிப்பு வாங்கினோம். உச்ச நீதிமன்றம் முதலில் நிறுத்தி வைத்து, பிறகு ரத்தே செய்துவிட்டது. அந்த வருடப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஜூலை மாதம் முழுவதும் ஒரு பெண் தினமும் வந்து "மிஸ், வருமா?" என்று கேட்டுப் போனது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஆகவே தமிழில் படி, தமிழில் யோசி, சந்தேகம் வந்த இடத்தில் பக்கத்து ஆங்கில வாக்கியத்தைப் பார். அதற்கு ஆங்கிலச் சொல் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் கரும்பலகையின் வலது ஓரத்தில் தினம் ஐந்து சொல். உந்தம் என்றால் மொமெண்டம், திருப்பு விசை என்றால் டார்க், மின்தேக்கி என்றால் கெப்பாசிட்டர், குன்றல் பகுப்பு என்றால் மியாசிஸ். ஆங்கில இலக்கணம் தேவையில்லை, கலைச்சொல் போதும். ஜூனில் ஆரம்பித்தால் பிப்ரவரிக்குள் தேவையானதெல்லாம் முடிந்துவிடும்.

என்சிஇஆர்டி புத்தகம் தமிழில் வருவதில்லை என்பது உயிரியலில் வலிக்கும். 90 கேள்வி உயிரியல், அந்தப் புத்தக வரியை ஒட்டியே வரும். எங்கள் உயிரியல் டீச்சர் ஒவ்வொரு அத்தியாயத்திலும் மாநிலப் புத்தகத்தில் இல்லாத வரிகளை மட்டும் தமிழில் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிறார். எந்த உத்தரவும் இல்லாமல், அவர் காசில்.

22 டிசம்பர் 2024

இங்கே எல்லாரும் நீட் பற்றியே பேசுகிறோம். எல்லாப் பிள்ளைக்கும் அதுவா வேண்டும்?

போன வாரம் ஒரு பையன் "என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வுக்கு எப்போது மிஸ் அப்ளை பண்ணணும்?" என்றான். பிளஸ் டூவில் இருக்கிறான், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மாநில அரசின் பொறியியல் கவுன்சலிங்குக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப், அவ்வளவுதான். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் கவுன்சலிங் இடத்துக்கும் அதுவே. ஐஐடி, திருச்சி என்ஐடி வேண்டுமென்றால்தான் ஜேஇஇ. அதில் மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலம், இந்தியில் மட்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட். பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட், அது ஆங்கிலத்தில் மட்டும்.

நான் பிளஸ் டூ முடித்தது 1995. அப்போது மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, மொத்தம் 300க்கு கட் ஆஃப். எனக்குத் தேர்வு மையம் மதுரை. முதல் நாள் இரவே வந்து ஆரப்பாளையத்தில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் தடிமனான ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. அப்படி ஒன்று உண்டு என்றே அன்றுதான் தெரிந்துகொண்டேன். 2007இல் அந்தத் தேர்வு போனபோது நான் பள்ளியில் ஆசிரியை. கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு வேலி போனது என்று மனதார சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் நீட் இருக்கிற வரைக்கும் என் பிள்ளைகள் அதில் ஏறித்தான் ஆக வேண்டும், ஏணி பிடிக்கிற வேலை எனக்கு இருக்கிறது.

26 ஜனவரி 2025

முறை மாறிவிட்டது. மேலே நான் 3 மணி 20 நிமிடம் என்று எழுதியதை மறந்துவிடுங்கள். இந்த வருடம் 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாமே கட்டாயம். போன வருடம் வரை 200 கேள்வி கொடுத்து 180ஐ எழுதச் சொன்னார்கள். 20ஐ விட்டுவிடுகிற அந்தச் சுதந்திரம் போய்விட்டது, 20 நிமிடமும் போய்விட்டது.

வட்டம் நிரப்புகிற நேரத்தை அளந்தேன். பாப்பா அல்ல, என் வகுப்புப் பெண் ஒருத்தி. 180 வட்டம், விடை தெரிந்த நிலையில், வெறுமனே நிரப்ப 14 நிமிடம். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்திருக்கிற பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை நிரப்பு. ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து, கறுப்பு பால் பாயிண்ட் பேனாவிலேயே பழகு. பேனாவால் போட்டதை அழிக்க முடியாது என்ற பயம் கைக்கு வர வேண்டும்.

9 மார்ச் 2025

அவசரம். விண்ணப்பத் திருத்தம் இன்று முதல் 11ஆம் தேதி வரை. பொதுத்தேர்வு நடுவில் வந்திருக்கிறது, அதனால் பிள்ளையை இழுக்காதீர்கள், பெற்றோர் பாருங்கள். பிரிவு, தேர்வு மொழி.

சில வருடத்துக்கு முன்னால் எங்கள் மாணவி ஒருத்திக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிவைப் பொது என்று போட்டு 1700 ரூபாயும் கட்டிவிட்டார்கள். அவளுக்கு 1000 ரூபாய்தான். அந்த 700 அவள் அம்மாவின் இரண்டு நாள் கூலிக்கு மேல். திருத்தம் முடிந்த மறுநாள் எனக்குத் தெரிந்தது. இப்போது என் வகுப்பில் எல்லார் விண்ணப்பத்தையும் நானே வரி வரியாக வாசிக்கிறேன். பக்கத்தில் பிள்ளை நின்று "ஆமா மிஸ்" சொல்ல வேண்டும்.

10 மார்ச் 2025

பிசி, எம்பிசி, சீர்மரபினர் பிள்ளைகள்: விண்ணப்பத்தில் அந்தப் பெயர்கள் இருக்காது. மத்திய அரசுப் பட்டியலில் உங்கள் சாதி இருந்தால் ஓபிசி. மாநில இடங்களுக்கு நம் வழக்கமான சாதிச் சான்றிதழ். அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசு வடிவத்தில் தனிச் சான்று, இ-சேவையில் இப்போதே போட்டு வையுங்கள்.

6 ஏப்ரல் 2025

தேர்வு மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் பிள்ளைகள் விடியற்காலையில் படித்துப் பழகியவர்கள். மே மாத மதியத்தில் மூன்றரை மணிக்கு மூளை சோறு கேட்டுத் தூங்கப் போகும். பொதுத்தேர்வு முடிந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்கு மாதிரித் தேர்வு வைக்கிறோம். முதல் ஞாயிறு ஆறு பேர் மேசையில் தலை வைத்துவிட்டார்கள். இப்போது 12 மணிக்கே கொஞ்சம் தயிர்ச் சோறு, அவ்வளவுதான். பிரியாணியோடு வந்த பையனைப் பாதியைப் பக்கத்தில் பகிர்ந்துகொள்ள வைத்தேன், வகுப்பே சந்தோஷமாக ஒத்துழைத்தது.

அப்புறம் மூக்குத்தி. உள்ளே விட மாட்டார்கள். ஒரு வருடம் மைய வாசலில், வெயிலில், ஒரு அம்மா மகளின் மூக்குத்தித் திருகைக் கழற்ற முயன்று முடியாமல் அழுதுகொண்டிருந்தார். ஐந்து வருடமாகக் கழற்றாத திருகு. பக்கத்துக் கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி இரண்டு சொட்டு விட்டு, நான் முகத்தைப் பிடித்துக்கொள்ள, பூக்கட்டுகிற ஒரு பாட்டி நகத்தால் திருகிக் கழற்றினார். அந்தப் பெண் உள்ளே போனபோது மூக்கு சிவந்து கண் கலங்கியிருந்தது. அந்த நிலையில் முதல் அரை மணி நேரம் என்ன எழுதியிருப்பாள்? முந்தின வாரமே கழற்றிவிடுங்கள். அரைக் கைச் சட்டை, சாதாரணச் செருப்பு.

கேட் 1.30க்கு மூடிவிடும். சித்திரைத் திருவிழா நடுவில் தேர்வு வருகிறது, 29ஆம் தேதி கொடியேற்றம். நகருக்குள் மையம் கிடைத்தவர்கள் மாசி வீதிப் பக்கம் பேருந்து வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

5 மே 2025

இயற்பியல் கடுமை. மிகக் கடுமை. நேற்று வாசலில் நின்றேன். முதலில் வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கணக்கு நீளம், நேரம் போதவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு கெஞ்சல். இன்று விடைக் குறிப்பை வைத்துக்கொண்டு மார்க் கூட்டச் சொல்லாதீர்கள். எட்டாம் தேதி பிளஸ் டூ முடிவு வருகிறது, அதுவரைக்குமாவது பிள்ளை தூங்கட்டும். எல்லாருக்கும் கடுமை என்றால் கட் ஆஃப் இறங்கும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். சாப்பிட்டாளா, பேசுகிறாளா என்று பாருங்கள்.

15 ஜூன் 2025

நேற்று முடிவு வந்தது. நாட்டிலேயே அதிக மார்க் 686. போன வருடம் 720. பொதுப் பிரிவில் தகுதி மார்க் 162இலிருந்து 144க்கு இறங்கியிருக்கிறது. போன வருடக் கட் ஆஃப் பட்டியலை வைத்து அழுதவர்கள் அதைக் கிழித்துப் போடுங்கள். மார்க்கைப் பார்க்காமல் தரவரிசையைப் பாருங்கள்.

பேரையூர் பாப்பா தகுதி பெற்றுவிட்டாள். உயிரியல் அருமை, இயற்பியலில் அடி. மருத்துவ இடம் கிடைக்குமா என்று அண்ணன் கேட்கிறார். 7.5இல் எல்லையில் நிற்பாள் என்று நினைக்கிறேன். கால்நடை, வேளாண்மை எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள், அவற்றுக்கு மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்கில்தான். 7.5 அங்கேயும் உண்டு.

10 ஆகஸ்ட் 2025

மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகியிருக்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இந்த வருடம் முதல் இல்லை.

பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பாரம்தான், மறுக்கவில்லை. பிளஸ் ஒன்னில் தோற்று நின்றுபோன பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மறுபடி பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் ஓட்டுகிற பள்ளிகள் வந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. பெற்றோர்களே, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளையிடம் இன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று கேளுங்கள். பிளஸ் டூ புத்தகத்தைக் காட்டினால் பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள்.

21 செப்டம்பர் 2025

பாப்பா எங்கே சேர்ந்தாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்தில் வேளாண்மைக் கல்லூரி. மருத்துவ இடம் கைக்கு வரவில்லை.

ஒரு வருடம் இருந்து திரும்ப எழுதலாமா என்று அண்ணன் கேட்டபோது நான் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். "தெரியாது" பத்தி போன வருடம் ஜூன் மாதம் இருந்ததில் கால்வாசியாகக் குறைந்திருந்தது. இன்னொரு வருடம் கொடுத்தால் ஏறுவாள் என்றுதான் தோன்றியது, அப்படியே சொல்லிவிட்டேன். கோச்சிங் போகாமல் வீட்டிலிருந்தே எழுதலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். பாப்பாதான் போனில் வந்தாள். "மிஸ், எனக்கு உயிரியல் பிடிச்சதாலதான் டாக்டர்னு சொன்னேன். செடியும் உயிரியல்தானே" என்றாள். இத்தனை மாதத்தில் ஏன் டாக்டர் என்று அவளிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த வருடம் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எட்டுப் பவுனும் வீட்டிலேயே இருக்கிறது என்று அண்ணன் சொன்னார்.

22 செப்டம்பர் 2025

நோட்டின் பத்திகளைத் திரும்பக் கேட்ட வாடிப்பட்டித் தம்பிக்கு: தெரியாது, கணக்கில் பிசகு, வாசிப்பில் பிசகு, வட்டம் தப்பு, ஊகம். ஐந்து. பென்சிலில் எழுதுங்கள், இரண்டாம் தடவை யோசிக்கும்போது பத்தி மாறும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆரம்பிக்கலாம்.